அபாயச் சங்கு ஊதுவது யார்?

எர்ணாவூருக்குக் கிழக்கே கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். அதைத் தாண்டினால் மணலி. அங்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் ரசாயன ஆலைகளும் இருக்கின்றன. வடக்கே எண்ணூர். அங்கே உர ஆலை, மின்சார நிலையம், துறைமுகம். தெற்கே திருவொற்றியூர்.

இத்தனைக்கும் நடுவே வீடுகள் இருக்கின்றன. பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. காலை 8 மணிக்கு பஸ் நிறுத்தத்தில் நின்று பார்த்தால் தெரியும். கூட்டம் கூட்டமாக மாணவ-மாணவிகள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் புறப்பட்டுப் போவார்கள்.

ஆலைகள் இங்கே இருக்கலாமா, கூடாதா என்பது பெரிய வழக்கு. அது ஒரு பக்கம் நடக்கட்டும். ஆலைகள் இருக்கிற வரைக்கும் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்.

திடீர் என்று ஆபத்து வந்தால், வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு அதை யார் சொல்வது? எப்படிச் சொல்வது?

மூக்குதான் சங்கு!

2023-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி. நள்ளிரவு நேரம்.

எண்ணூரில் கோரமண்டல் உர ஆலை இருக்கிறது. கப்பலில் வரும் அமோனியாவை ஆலைக்குக் கொண்டு வருவதற்கு, கடலுக்கு அடியில் ஒரு குழாய் போடப்பட்டு இருந்தது. அந்தக் குழாயில் கசிவு ஏற்பட்டது. கடலில் இருந்து கிளம்பிய வாயுவைக் காற்று கரைக்குக் கொண்டு வந்தது.

பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் தூங்கிக் கொண்டு இருந்தார்கள். மூக்கு எரிந்தது. கண் எரிந்தது. மூச்சு முட்டியது. விழித்துக் கொண்டவர்கள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்கள். குழந்தைகளைத் தூக்கிக் கொண்டு, அலறி அடித்து ஓடினார்கள். சுமார் 50 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

அந்த மக்களை எழுப்பியது எது? அவர்களுடைய மூக்குதான்!

வாயு மூக்கில் ஏறிய பிறகுதான் ஆபத்து தெரிந்தது. மயங்கிக் கிடப்பவரையும், நடக்க முடியாத கிழவியையும் மூக்கு எழுப்புமா? எழுப்பாது.

அதே டிசம்பர் 26-ந் தேதிதான் சுனாமி நினைவு நாள். 2004-ம் ஆண்டு அதே நாளில் கடல் பொங்கி வந்தது. சுனாமியில் வீடு இழந்தவர்களுக்காகக் கட்டப்பட்ட குடியிருப்பு எர்ணாவூரில் இருக்கிறது. 19 ஆண்டுகள் கழித்து, அதே வட்டார மக்கள் அதே தேதியில் மறுபடியும் ஓடினார்கள். இரண்டு தடவையும் ஆபத்து முதலில் வந்தது. செய்தி பிறகுதான் வந்தது.

வகுப்புக்குள் வந்த நெடி

பள்ளிக்கூடத்துக்கும் இந்த அனுபவம் உண்டு.

2024-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி. திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளி. வகுப்பு நடந்து கொண்டு இருந்தது. ஏதோ ஒரு நெடி வந்தது. மாணவிகளுக்குத் தொண்டை எரிந்தது. சிலர் மயங்கி விழுந்தார்கள். 30-க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்டார்கள்.

செய்தி கேட்டுப் பெற்றோர்கள் பள்ளி வாசலுக்கு ஓடி வந்தார்கள். "என் பிள்ளை எங்கே?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

பள்ளி மூடப்பட்டது. அதிகாரிகள் வந்தார்கள். காற்றைப் பரிசோதனை செய்தார்கள். நவம்பர் 4-ந் தேதி பள்ளி திறந்தது. அன்றும் சில மாணவிகளுக்கு மயக்கம் வந்தது. மறுபடியும் பள்ளி மூடப்பட்டது.

நெடி எங்கே இருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிப்பது விஞ்ஞானிகள் வேலை. அதற்கு நாள் ஆகும். ஆனால் நெடி வந்த முதல் 5 நிமிடத்தில் என்ன செய்வது என்பது விஞ்ஞானிகள் வேலை அல்ல. அது தலைமை ஆசிரியருக்கும், ஆசிரியருக்கும், காவலாளிக்கும், மாணவிக்கும் முன்கூட்டியே தெரிந்து இருக்க வேண்டிய வேலை.

ஒரே மணி; இரண்டு ஆபத்து

"எங்கள் கல்லூரியில் மணி இருக்கிறதே! ஆபத்து வந்தால் மணி அடிப்போம்" என்று சிலர் சொல்லக் கூடும்.

மணி மட்டும் போதாது. ஏன்?

தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும்? வெளியே போக வேண்டும். திறந்த வெளியில் நிற்க வேண்டும்.

வெளியே விஷ வாயு பரவினால் என்ன செய்ய வேண்டும்? உள்ளே இருக்க வேண்டும். கதவு, ஜன்னல்களைச் சாத்த வேண்டும். வெளிக்காற்றை இழுக்கும் விசிறியை நிறுத்த வேண்டும்.

இரண்டும் நேர் எதிர்! தீக்கு அடிக்கிற மணியையே வாயுவுக்கும் அடித்தால் என்ன ஆகும்? பிள்ளைகள் வரிசையாக மைதானத்துக்குப் போவார்கள். வாயுவுக்கு நடுவே போய் நிற்பார்கள். காப்பாற்ற அடித்த மணியே அவர்களை ஆபத்தில் கொண்டு போய் விடும்.

அதனால் மணி அடித்த உடனே ஒரு குரல் ஒலிக்க வேண்டும். அந்தக் குரல் தமிழில் பேச வேண்டும். நான்கு விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

என்ன நடந்தது? எங்கே நடந்தது? இப்போது என்ன செய்ய வேண்டும்? அடுத்த செய்தி எப்போது வரும்?

"மணலி பக்கம் இருந்து வாயு வருகிறது. எல்லோரும் வகுப்பிலேயே இருங்கள். ஜன்னலைச் சாத்துங்கள். கைக்குட்டையை நனைத்து மூக்கில் வைத்துக் கொள்ளுங்கள். 10 நிமிடத்தில் மறுபடியும் சொல்கிறோம்."

இவ்வளவுதான். அரை நிமிடத்தில் சொல்லி விடலாம். ஆனால் அந்த அரை நிமிடப் பேச்சை ஆபத்து வந்த பிறகு உட்கார்ந்து எழுத முடியாது. முன்பே எழுதி, மைக் பக்கத்தில் ஒட்டி வைக்க வேண்டும்.

அந்தக் காலத்துச் சென்னை இதை அறிந்து இருந்தது. இரண்டாம் உலகப் போரின் போது விமானத் தாக்குதலுக்குப் பயந்து நகரத்தில் அபாயச் சங்கு வைத்தார்கள். ஏறி இறங்கி ஊதினால் ஆபத்து. ஒரே சீராக ஊதினால் ஆபத்து நீங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் காதால் கேட்டுப் புரிந்து கொண்டார்கள்.

மேலதிகாரி வரட்டும் என்றால்...

மணி அடிக்கும் அதிகாரம் யாருக்கு?

இந்தக் கேள்விக்குப் பல இடங்களில் பதில் இல்லை. "முதல்வரைக் கேட்க வேண்டும்" என்பார்கள். முதல்வர் வெளியூர் போய் இருப்பார். "தாளாளருக்குப் போன் செய்யுங்கள்" என்பார்கள். போன் எடுக்க மாட்டார். நிமிடங்கள் ஓடிக் கொண்டே இருக்கும்.

அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் என்று ஒரு பெரிய கல்லூரி. 2007-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி. காலை 7.15 மணிக்கு மாணவர் விடுதியில் ஒருவன் துப்பாக்கியால் இரண்டு பேரைச் சுட்டான். நிர்வாகிகள் கூடினார்கள். பேசினார்கள். மாணவர்களுக்கு முதல் எச்சரிக்கை 9.26 மணிக்குத்தான் அனுப்பப்பட்டது. சுமார் கால் மணி நேரத்தில், அவன் வகுப்பு நடக்கும் கட்டிடத்துக்குள் புகுந்து சுட்டான். மேலும் 30 பேர் செத்தார்கள்.

2 மணி நேரத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. செய்தி மட்டும் போகவில்லை!

மறு ஆண்டே, 2008-ல், அங்கே சட்டத்தைத் திருத்தினார்கள். ஆபத்து உறுதியானால் கல்லூரி உடனே மாணவர்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்று விதித்தார்கள்.

துப்பாக்கி வேறு, வாயு வேறு. ஆனால் தாமதம் ஒன்றுதான். ஆகவே எர்ணாவூர் வட்டாரத்தில் உள்ள எந்தப் பள்ளியிலும், கல்லூரியிலும், வாசல் காவலாளிக்கும் மணி அடிக்கும் உரிமை இருக்க வேண்டும். நெடியை முதலில் உணர்பவர் அவராக இருக்கலாம். தவறாக அடித்து விட்டால் அவருக்குத் தண்டனை இல்லை என்றும் எழுதி வைக்க வேண்டும். வேலை போய் விடும் என்ற பயம் இருந்தால் எந்தக் கையும் மணியைத் தொடாது.

நல்லவாடு காட்டிய வழி

இதற்கு எல்லாம் ஏராளமாகப் பணம் வேண்டுமா? வேண்டாம். புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள நல்லவாடு என்ற மீனவ ஊரே சாட்சி.

அந்த ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியோடு ஒரு தகவல் மையம் இருந்தது. கடல் எப்படி இருக்கிறது என்று தினமும் ஒலிபெருக்கியில் சொல்லி வந்தார்கள்.

2004-ம் ஆண்டு சுனாமி வந்த நாள். அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்து வந்தார். டெலிவிஷனில் செய்தி பார்த்தார். உடனே ஊருக்குப் போன் செய்தார். ஊரில் இருந்தவர்கள் ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். மக்கள் கரையை விட்டு ஓடினார்கள். அலை வந்து வீடுகளை இடித்தது. படகுகளை அடித்துச் சென்றது. ஆனால் ஊரில் இருந்த 3 ஆயிரத்து 600-க்கும் மேற்பட்ட மக்கள் பிழைத்துக் கொண்டார்கள்.

ஒரு போன். ஒரு ஒலிபெருக்கி. அவ்வளவுதான்!

அந்த ஒலிபெருக்கி தினமும் பேசிய ஒலிபெருக்கி. அதனால்தான் அன்றைக்கும் மக்கள் அதை நம்பினார்கள்.

எர்ணாவூரில் ஒலிபெருக்கிக்குப் பஞ்சமா? ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது தெருவுக்குத் தெரு மைக் செட் கட்டுகிறார்கள். திருவிழாவுக்குப் பேசுகிற மைக், ஆபத்துக்கும் பேசலாம்.

"பீதி கிளம்புமே!"

"முன்கூட்டியே சொன்னால் மக்கள் பயந்து விடுவார்கள். பீதி கிளம்பும். நெரிசல் ஏற்படும்" என்று சில அதிகாரிகள் நினைக்கிறார்கள்.

இது தவறான எண்ணம். பீதியைக் கிளப்புவது செய்தி அல்ல. செய்தி இல்லாமைதான்!

என்ன வாயு என்று தெரியாது. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாது. அப்போது வதந்தி பறக்கும். ஒருவர் ஓடினால் எல்லோரும் ஓடுவார்கள்.

1984-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி இரவு போபாலில் அதுதான் நடந்தது. விஷ வாயு பரவியது. ஆலையில் அபாயச் சங்கு ஊதியது. சிறிது நேரத்தில் நிறுத்தப்பட்டது. மக்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இருட்டில் கண்டபடி ஓடினார்கள். காற்று போகும் திசையிலேயே ஓடியவர்களை வாயு துரத்திப் பிடித்தது. ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். "ஈரத் துணியால் முகத்தை மூடுங்கள்" என்ற ஒரு வரி முன்பே தெரிந்து இருந்தால், பல பேர் பிழைத்து இருப்பார்கள்.

36 ஆண்டுகள் கழித்து, 2020-ம் ஆண்டு மே 7-ந் தேதி, விசாகப்பட்டினத்தில் ஒரு பிளாஸ்டிக் ஆலையில் இருந்து வாயு கசிந்தது. 12 பேர் இறந்தார்கள். அங்கே சங்கு இருந்தது. ஆனால் ஊதவில்லை என்று ஆந்திர அரசு அமைத்த விசாரணைக் குழு சொன்னது.

மணலிக்கும் ஒரு கதை உண்டு. 2020-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், லெபனான் நாட்டில் பெய்ரூட் துறைமுகத்தில் அமோனியம் நைட்ரேட் வெடித்து நகரமே நொறுங்கியது. அதற்குப் பிறகுதான், மணலியில் ஒரு கிடங்கில் அதே பொருள் 697 டன் கிடப்பது ஊருக்குத் தெரிய வந்தது. சுங்க இலாகா பறிமுதல் செய்து வைத்த சரக்கு அது. உடனே அதை ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள். பக்கத்து வீட்டில் இருக்கும் ஆபத்தைப் பெய்ரூட் வெடித்துத் தெரிந்து கொள்ள வேண்டி வந்தது!

சட்டம் இருக்கிறது

சட்டம் இல்லையா? இருக்கிறது.

போபால் விபத்துக்குப் பிறகு மத்திய அரசு 1989-ம் ஆண்டு விதிகள் செய்தது. ஆபத்தான ரசாயனங்களைப் பெரிய அளவில் வைத்து இருக்கும் ஆலைகளுக்கு அவை பொருந்தும்.

ஆலைக்குள் என்ன செய்வது என்று ஆலை முதலாளி திட்டம் எழுத வேண்டும். 6 மாதத்துக்கு ஒரு முறை ஒத்திகை பார்க்க வேண்டும்.

ஆலைக்கு வெளியே என்ன செய்வது என்று அரசு அதிகாரிகள் திட்டம் எழுத வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒத்திகை பார்க்க வேண்டும்.

விபத்து நடந்தால் பாதிக்கப்படக் கூடிய மக்களுக்கு, என்ன ஆபத்து, என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதை எல்லாம் முன்பே சொல்ல வேண்டும்.

இந்த ஒத்திகை ஆலை வாசலோடு நின்றால் பயன் இல்லை. அது பள்ளி வாசலுக்கு வர வேண்டும். விடுதிக்கு வர வேண்டும். குப்பத்துக்கு வர வேண்டும். திட்டம் அலமாரியில் இருந்தால் அது காகிதம். பிள்ளைகளின் மனதில் இருந்தால்தான் அது பாதுகாப்பு.

கருவியும் வந்து விட்டது. 2023-ம் ஆண்டு அக்டோபர் 20-ந் தேதி தமிழ்நாட்டில் கைப்பேசிகள் திடீர் என்று அலறின. பேரிடர் எச்சரிக்கைக்கான சோதனை அது. ஒரு வட்டாரத்தில் உள்ள கைப்பேசிகளுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் எச்சரிக்கை அனுப்பலாம் என்பது தெரிந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வகுப்பு நேரத்தில் மாணவர்களின் கைப்பேசி பையில் கிடக்கும். ஆகவே மணியும் மைக்கும் இருந்தே தீர வேண்டும்.

ஒத்திகை ஏன்?

"புலி வருது" கதை எல்லோருக்கும் தெரியும். அடிக்கடி மணி அடித்தால், உண்மையான ஆபத்து வரும்போது யாரும் மதிக்க மாட்டார்களே என்று கேட்கலாம்.

அதற்கு வழி உண்டு. ஒத்திகைக்கு நாளும் நேரமும் குறித்து விட வேண்டும். சிங்கப்பூரில் ஆண்டுதோறும் பிப்ரவரி 15-ந் தேதி மாலை 6.20 மணிக்கு எச்சரிக்கைச் சங்கு ஊதுகிறார்கள். 1942-ல் அந்த நகரம் ஜப்பானியரிடம் வீழ்ந்த நாள் அது. ஒத்திகை என்று எல்லோருக்கும் தெரியும். வேறு நேரத்தில் ஊதினால், அது உண்மையான ஆபத்து என்பதும் தெரியும்.

கும்பகோணத்தை யார் மறக்க முடியும்? 2004-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி பள்ளிக்கூடத்தில் தீப்பிடித்து 94 குழந்தைகள் கருகினார்கள். அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரை ஒழிந்தது. கூரையை மாற்றியாகி விட்டது. பழக்கத்தையும் மாற்ற வேண்டாமா? எந்தப் படிக்கட்டில் இறங்குவது, கடைசி ஆளாக யார் வருவது, நடக்க முடியாத பிள்ளையை யார் தூக்குவது என்று கால்களுக்குப் பழக்க வேண்டாமா?

கல்லூரிகளில் என்.சி.சி. இருக்கிறது. நாட்டு நலப் பணித் திட்டம் இருக்கிறது. அந்த மாணவர்கள் மரம் நடுகிறார்கள். தெருவைக் கூட்டுகிறார்கள். நல்ல வேலை. இனிமேல் ஆளுக்கு ஒரு தெரு எடுத்துக் கொள்ளட்டும். முதியவர்கள் எத்தனை பேர், கைக்குழந்தைகள் எத்தனை என்று கணக்கு எடுக்கட்டும். படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புரியும்படி வாயால் சொல்லிக் கொடுக்கட்டும்.

வீட்டில் தெரிய வேண்டியவை

வாயு நெடி வந்தால் பதறக் கூடாது. ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூட வேண்டும். அமோனியா தண்ணீரில் எளிதில் கரையும். அதனால் ஈரத் துணி கொஞ்ச நேரம் உதவும். எல்லா வாயுவையும் அது தடுத்து விடும் என்று நம்பி அங்கேயே நிற்கக் கூடாது.

கண் எரிந்தால் கசக்கக் கூடாது. சுத்தமான தண்ணீரால் 15 நிமிடம் கழுவ வேண்டும்.

வீட்டுக்குள் இருந்தால் ஜன்னலைச் சாத்த வேண்டும். என்ன வாயு என்று தெரியாதபோது அடுப்பும் தீக்குச்சியும் பற்ற வைக்கக் கூடாது.

வெளியே இருந்தால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும். கொடி ஆடுவதைப் பார்த்தால் தெரியும். காற்றோடு ஓடக் கூடாது. காற்றுக்குக் குறுக்கே, பக்கவாட்டில் விலகிப் போக வேண்டும்.

அவசர உதவிக்கு 112. ஆம்புலன்சுக்கு 108. மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. இந்த எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டலாம்.

பெற்றோருக்கும் ஒரு கடமை உண்டு. ஆபத்துச் செய்தி வந்த உடனே எல்லோரும் பள்ளி வாசலுக்கு ஓடினால் ஆம்புலன்ஸ் உள்ளே போக முடியாது. ஆனால் தாய் மனம் எப்படிப் பொறுக்கும்? அவளுக்குத் தகவல் வந்தால்தான் பொறுக்கும். பிள்ளைகளை எங்கே கொண்டு போவார்கள், பெற்றோர் எங்கே காத்து இருக்க வேண்டும், யார் போன் செய்வார்கள் என்று பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே ஒரு சீட்டில் தமிழில் எழுதிக் கொடுத்து விட வேண்டும்.

மூன்று கேள்விகள்

நாளை திங்கட்கிழமை. பள்ளியும் கல்லூரியும் திறக்கும். பிள்ளையைக் கொண்டு போய் விடும்போது ஒவ்வொரு பெற்றோரும் மூன்று கேள்விகள் கேட்கலாம்.

"ஆபத்து வந்தால் மணி அடிப்பது யார்? அவர் இல்லாவிட்டால் யார்?"

"தீக்கு என்ன செய்வீர்கள்? வாயுவுக்கு என்ன செய்வீர்கள்? எங்கள் பிள்ளைகளுக்கு அது தெரியுமா?"

"எங்களுக்கு எப்படிச் செய்தி வரும்?"

பணிவாகக் கேட்டால் போதும். பதில் இருந்தால் பாராட்டி விட்டு வரலாம். பதில் இல்லை என்றால், பதில் கிடைக்கும் வரை வாரா வாரம் கேட்க வேண்டும். பள்ளிக் கட்டணம் எவ்வளவு என்று கேட்க உரிமை இருக்கிறது. பரீட்சை எப்போது என்று கேட்க உரிமை இருக்கிறது. பிள்ளை பத்திரமாகத் திரும்புவதற்கு என்ன ஏற்பாடு என்று கேட்கவும் அதே உரிமை இருக்கிறது.

பள்ளி நிர்வாகம் ஆலையைக் கேட்கட்டும். ஆலை அதிகாரியைக் கேட்கட்டும். கேள்வி பெற்றோரிடம் இருந்து கிளம்பினால்தான் மேலே போகும். மணியும் மைக்கும் வாங்க அதிகச் செலவு ஆகாது. அதை அடிக்கிற ஆள் யார் என்பதை இன்றே முடிவு செய்ய ஒரு காசும் ஆகாது!